ஐந்து கிலோ

வண்ணார்பேட்டைக் கடையில் என் வேலை
பில் போடுவது, ஜிஎஸ்டி கட்டுவது,
மத்தியானம் முதலாளிக்கு
மாத்திரையை ஞாபகப்படுத்துவது.
மற்ற நேரம் மேசைக்கடியில்
வங்கித் தேர்வு கைடு.
ஆறு மாதமாக
நூற்று நாற்பதாம் பக்கம்.

எலக்ட்ரானிக் தராசு விற்கிற கடை.
விற்கிறவர் கொம்பையா.
ஒரு திங்கட்கிழமை அவர் வரவில்லை. செவ்வாயும்.
புதன்கிழமை தெரிந்தது:
வேறு கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு
ஜங்ஷனில் டீ குடிக்கிறார்.

'ஏம்மா பொன்கனி,
புளியங்குடியில பதினோராயிரம் பாக்கி.
தராசு பொய் சொல்லுதுன்னு எட்டு மாசமா இழுக்காரு.
இந்தக் கல்ல வச்சுக் காட்டிட்டு
ரூவாய வாங்கிட்டு வந்துரு.'

இரும்பு எடைக்கல். சர்க்கார் முத்திரை.
சங்கரன்கோவில் பஸ்ஸில் மடியில் கிடந்தது.
பையை நகர்த்தப் பார்த்த கண்டக்டர்
'யாரையும் கொல்லப் போறியாம்மா?' என்றார்.
மீதிச் சில்லறையைக்கூடக் கேட்கத் தெரியாமல்
இறங்கிப் போகிறவள் நான்.
அன்றைக்கும் கேட்கவில்லை.
ஏழு ரூபாய்.

எலுமிச்சை மண்டி.
அழுகலும் புதுசுமாய்க் கண்ணைக் கரிக்கும் காற்று.
குத்தாலிங்கம் அண்ணாச்சி
உட்காரச் சொல்லவில்லை.
'பழசுல அம்பத்தொண்ணு காட்டுத மூடை
இதுல அம்பது காட்டுது. எது தாயி பொய்?'

கல்லை வைத்தேன். ஐந்து.
தூக்கிக்கொண்டு போய்ப்
பழைய தராசில் வைத்தேன்.
ஐந்து கிலோ நூறு கிராம்.

வாங்குவது பழசில். விற்பது புதுசில்.
எட்டு மாதம், மூடைக்கு ஒரு கிலோ.
அவர் மனசுக்குள் பெருக்குவது
உதட்டில் தெரிந்தது.
கொம்பையாவாக இருந்தால்
இந்த இடத்தில் ஒரு பேச்சு பேசியிருப்பார்.
எனக்கு ஒன்றும் வரவில்லை.
சும்மா நின்றேன்.
சுமை தூக்குகிறவர்களும் நின்றார்கள்.

'இன்னொண்ணு என்ன விலை?'

பில் போடுகிறவளுக்கு விலை தெரியும்.
கொம்பையா அதன்மேல் ஏற்றிச் சொல்லும்
எண்ணூறும் தெரியும்.
எண்ணூறை விட்டுவிட்டுச் சொன்னேன்.
முந்நூறு கிலோ தராசு கேட்டார்.
'வேண்டாம் அண்ணாச்சி,
ஒங்க மூடைக்கு நூறே தாராளம்.'
அவர் என்னைப் பார்த்தார்.
பிறகு பக்கத்து மண்டிக்குக் குரல் கொடுத்தார்:
'ஏ செய்யது, இங்கன வாரும்வே.
இந்தப் பிள்ள விக்கத் தெரியாம விக்கி.'

பாக்கியோடு மூன்று ஆர்டர்.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும்.
அடுத்த மூடை ஒரு சம்சாரியுடையது.
சிந்தாமணிப் பக்கம், பச்சைத் துண்டு.
பழைய தராசுக்குப் போகவிருந்ததைப்
புதுசில் ஏற்றினார்கள்.
நாற்பத்தெட்டு.
'போன வாரம் இதே சாக்கு
நாப்பத்தொம்பதுல்லா நின்னுச்சு' என்றார்,
யாரிடமும் இல்லாமல்.
கல்லைப் பைக்குள் வைத்தபோது
ஜிப் சிக்கிக்கொண்டது.
வெகுநேரம் சிக்கிக்கொண்டிருந்தது.

முதலாளி கணக்குப் பார்த்தார்.
மறுநாள் சுரண்டைக்குப் போகச் சொன்னார்,
அப்புறம் ஆலங்குளம், திசையன்விளை.
பில் போட வேறொரு பிள்ளை வந்தாள்.
வீட்டில் அம்மா இன்னமும்
'வேலை கெடைக்கட்டும், பார்ப்போம்' என்றுதான்
கேட்பவர்களிடம் சொல்கிறாள்.
நானும் மறுப்பதில்லை.
கைடு அலமாரியில் இருக்கிறது.

போன மாதம் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில்
அந்தப் பச்சைத் துண்டு
எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.
என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.
காலடியில் சாக்கு, வாய் தைத்தது.
மன்னிப்பு மாதிரி ஏதாவது
கேட்கலாமா என்று நினைத்தேன்.
வாயைத் திறந்தால் வந்தது:
'வீட்டிலயே ஒரு சின்னத் தராசு
வச்சுக்கிட்டா என்ன, அண்ணாச்சி?
போட்டுப் பார்த்துக்கிட்டே கொண்டு போகலாம்லா.'

விலையும்
நாக்கு நுனியில் வந்து நின்றது.